சிப்பைக் கழற்றக் கற்ற கைகள்: சர்ஃபேஸ் மவுண்ட் சால்டரிங்கின் கதை

பழைய கைப்பேசியையோ மடிக்கணினியையோ திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சை போர்டின் மேல் கறுப்புக் கட்டங்களாகச் சிப்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றுக்கு நான்கு பக்கமும் மெல்லிய கால்கள். சிலவற்றுக்குக் கால்களே வெளியில் தெரியாது. 100 கால்கள் கொண்ட ஒரு சிப் வெறும் 14 மில்லிமீட்டர் சதுரம்தான். ஒரு காலிலிருந்து அடுத்த கால் அரை மில்லிமீட்டர் தூரம். இதைக் கையாலேயே கழற்றிவிட்டு, அதே இடத்தில் புதிதாக ஒன்றைப் பொருத்த முடியுமா?

"முடியாது, அது தொழிற்சாலை இயந்திரத்தின் வேலை. போர்டையே மாற்றிவிடுங்கள்" என்பதுதான் நெடுங்காலம் சொல்லப்பட்ட பதில். ஆனால் இன்று பத்தடி அகலமுள்ள செல்போன் கடையில் ஓர் இளைஞர் இதைத் தினமும் செய்கிறார். இந்த வித்தை எங்கே பிறந்தது? யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? கற்றவர்கள் எங்கே ஏமாந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குள் ஐம்பது, அறுபது வருட வரலாறு இருக்கிறது.

துளை வழியே கால் நீட்டிய காலம்

முதலில் போர்டே கிடையாது. பழைய வால்வு ரேடியோக்களில் உதிரிகள் எல்லாம் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. வியன்னாவில் பிறந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த பால் ஐஸ்லர் என்ற பொறியாளர், செப்புத் தகட்டில் கோடுகளை அச்சடித்தாற்போல் விட்டுவிட்டு மீதியை அரித்தெடுக்கும் முறைக்கு 1943-ல் காப்புரிமை கோரினார். அச்சுச் சுற்றுப் பலகை என்கிற பிரின்டட் சர்க்யூட் போர்டின் தொடக்கம் அது.

1949-ல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோர் பிரிவைச் சேர்ந்த மோ ஆப்ராம்சன், ஸ்டானிஸ்லாஸ் டான்கோ என்ற இருவர் அடுத்த படியை எடுத்து வைத்தார்கள். உதிரிகளின் கால்களைப் போர்டின் துளைகளில் செருகி, மறுபக்கத்தை உருகிய சால்டரில் ஒருமுறை முக்கி எடுத்தால் எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அடுத்த முப்பது வருடத்துக்கு உலகத்து மின்னணுப் பொருள்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் செய்யப்பட்டன.

1964-ல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் இதற்கேற்ற ஒரு சிப் உறை உருவானது. இரண்டு வரிசைக் கால்கள், காலுக்குக் கால் 2.54 மில்லிமீட்டர். பூரான் போலத் தோன்றும் இந்த 'டிப்' வகை ஐ.சி.யைத்தான் கல்லூரி ஆய்வகத்தில் எல்லோரும் முதலில் தொடுகிறார்கள்.

பார்க்கப் பெரிதாக இருப்பதால் இதைக் கழற்றுவது சுலபம் என்று தோன்றும். உண்மை நேர்மாறு! 40 கால்கள் என்றால் 40 துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் சால்டர் இறங்கிப் பிடித்திருக்கும். ஒன்றை உருக்கி அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது இறுகிவிடும். ஆகவே சூடாக்கிக்கொண்டே ஒரு பம்ப்பால் உருகிய சால்டரை உறிஞ்ச வேண்டும், அல்லது பின்னிய செப்பு நூலான 'விக்'கை வைத்து ஒற்றியெடுக்க வேண்டும். ஒரே ஒரு துளையில் கொஞ்சம் மிச்சமிருந்து, அதைக் கவனிக்காமல் இழுத்தால் துளையின் உள்சுவரில் பூசிய செம்பும் சேர்ந்து வந்துவிடும். போர்டு பாழ். அனுபவசாலிகள் இதனாலேயே பழுதான சிப்பின் கால்களை நிப்பரால் வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகப் பிடுங்கினார்கள்.

பள்ளிக்கூடம் கப்பலில் இருந்தது

பொருளைத் தூக்கி எறிய முடியாத இடத்தில்தான் பழுதுநீக்கும் கலை வளரும். நடுக்கடலில் மாதக்கணக்கில் நிற்கும் போர்க்கப்பலில் ரேடார் போர்டு ஒன்று போய்விட்டால் என்ன செய்வது? மாற்றுப் போர்டு கரையில் இருக்கிறது, கரையோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அமெரிக்கக் கடற்படை இதற்காக '2எம்' என்ற பயிற்சித் திட்டத்தை நடத்தியது. மினியேச்சர், மைக்ரோமினியேச்சர் என்ற இரண்டு 'எம்'களும் சேர்ந்த பெயர் அது. மாலுமிகள் நுண்ணோக்கியின் கீழ் உட்கார்ந்து போர்டு வேலை கற்றார்கள். தேர்வில் தேறினால்தான் போர்டைத் தொடலாம். சான்றிதழையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 1958-ல் தொடங்கிய பேஸ் என்ற நிறுவனத்தின் உறிஞ்சும் கருவிகள் இத்தகைய இடங்களில் இடம்பிடித்தன. நாசாவும் தன் பங்குக்குச் சால்டரிங் பயிற்சியும் சான்றிதழும் வைத்திருந்தது. சர்ஃபேஸ் மவுண்ட் வேலைக்கென்றே 1999-ல் ஒரு தனித் தரவிதி நூலை வெளியிட்டது. 1957-ல் தொடங்கிய ஐ.பி.சி. என்ற தொழில் அமைப்பு, கழற்றிப் பொருத்தும் வேலையின் ஒவ்வொரு படிக்கும் விதிகளை எழுதியது.

ஆக, இந்த வித்தை இருந்தது, எழுதியும் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதைக் கற்கக் கடற்படையில் சேர வேண்டும், அல்லது விண்வெளித் துறையில் வேலை கிடைக்க வேண்டும். சாதாரண ரேடியோக் கடைக்காரருக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது.

துளை மறைந்தது

இதற்கிடையில் துளை இல்லாத முறையும் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களில் சாட்டர்ன் ராக்கெட்டுகளை வழிநடத்திய கணினியில் உதிரிகளைப் போர்டின் மேற்பரப்பிலேயே பொருத்தியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் 1962-ல் உருவான 'ஃபிளாட்பேக்' என்ற தட்டைச் சிப், நிலவுக்குப் போன அப்பல்லோ கணினியில் இடம்பெற்றது. அதன் இரண்டாம் வடிவத்தில் சுமார் 2,800 சிப்கள் இருந்தன. அவை சால்டர் செய்யப்படவில்லை, வெல்டு செய்யப்பட்டன. அந்தப் பகுதிகளைப் பிறகு பிசினால் மூடி இறுக்கிவிட்டார்கள். நிலவுப் பயணத்தின் நடுவே யாரும் சிப் மாற்றப் போவதில்லையே!

1980-களில் மேற்பரப்பு முறை வீட்டுப் பொருள்களுக்குள் நுழைந்தது. அதுதான் சர்ஃபேஸ் மவுண்ட் தொழில்நுட்பம், சுருக்கமாக எஸ்.எம்.டி. போர்டில் துளைக்குப் பதில் 'பேட்' என்ற சிறு செப்புத் திட்டு இருக்கும். அதன்மேல் சால்டர் பசையைத் தடவி, சிப்பை வைத்து, நீண்ட அடுப்பு வழியே அனுப்பினால் பசை உருகிப் பிடித்துக்கொள்ளும். போர்டின் இரண்டு பக்கமும் உதிரிகளை வைக்கலாம். பொருள் சிறியதாகும், விலையும் குறையும். 1990-களின் முடிவுக்குள் பெரும்பாலான போர்டுகள் இந்த முறைக்கு மாறிவிட்டன.

டிப் காலத்தில் 2.54 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி முதலில் 1.27 ஆனது. பிறகு 0.8, 0.65, 0.5, 0.4 என்று சுருங்கியது. அரிசியை விடச் சிறிய ரெசிஸ்டர்கள் வந்தன. 0402 என்று எண்ணிட்ட ரெசிஸ்டரின் நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அரை மில்லிமீட்டர். தும்மினால் காணாமல் போய்விடும்!

"இனி கையால் எதுவும் முடியாது" என்ற பேச்சு இந்தக் காலத்தில்தான் பரவியது. பொழுதுபோக்குக்கு மின்னணுவியல் செய்துகொண்டிருந்த பலர் தங்கள் காலம் முடிந்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

பயந்த அளவுக்கு இல்லை

ஆனால் முயன்று பார்த்தவர்கள் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார்கள். துளைச் சிப்பை விட மேற்பரப்புச் சிப்பைக் கழற்றுவதும் பொருத்துவதும் எளிது! அதற்கு மூன்று காரணங்கள்.

முதல் காரணம் ஃப்ளக்ஸ். கடைகளில் 'பேஸ்ட்' என்பார்கள். செம்பு சூடானால் அதன்மேல் ஆக்ஸைடு படலம் படியும். படலத்தின் மேல் சால்டர் ஒட்டாமல் உருண்டு ஓடும். ஃப்ளக்ஸ் அந்தப் படலத்தை அகற்றும். இது புதிய சங்கதி அல்ல. தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவித் தேய்த்துவிட்டுத்தானே ஈயத்தை வழித்து இழுப்பார்? புகை எழும்பிய இடமெல்லாம் வெள்ளியாகப் பளபளக்கும். நவச்சாரம் அங்கே செய்யும் வேலையைத்தான் போர்டில் ஃப்ளக்ஸ் செய்கிறது. பாத்திரத்துக்கு ஆகும் நவச்சாரம் போர்டுக்கு ஆகாது, அரித்துவிடும். அதனால் போர்டுக்குப் பைன் மரப் பிசின் வகை ஃப்ளக்ஸ்.

இரண்டாவது, பரப்பு இழுவிசை. உருகிய சால்டர் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். போர்டின் மேல் பூசிய பச்சைப் பூச்சில் அது ஒட்டாது, செம்பில் மட்டுமே ஒட்டும். ஆகவே சற்றுக் கோணலாக வைத்த சிப்பைக்கூட உருகிய சால்டர் இழுத்து நேராக்கிவிடும். 100 கால்களையும் ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டியதே இல்லை. இரண்டு மூலைகளை மட்டும் பிடிக்கவைத்து, ஃப்ளக்ஸை நிறையத் தடவி, நுனியில் ஒரு சொட்டு சால்டரோடு அயர்னை வரிசை நெடுக மெல்ல இழுத்தால், ஒவ்வொரு காலும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கடைசியில் இரண்டு கால்கள் ஒட்டிக்கொண்டால் விக் வைத்து ஒற்றினால் போதும்.

மூன்றாவது, துளை இல்லாததால் எதையும் உறிஞ்ச வேண்டியதில்லை. எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் உருகிய நிலையில் இருந்தால் போதும், சிப்பைச் சும்மா தூக்கிவிடலாம். வெப்பக் காற்று வீசும் கருவி, அதாவது கடைக்காரர்கள் எஸ்.எம்.டி. மெஷின் என்று சொல்வது, அதற்குத்தான். அது இல்லாதவர்களும் வழி கண்டுபிடித்தார்கள். கால்கள் எல்லாவற்றையும் சால்டரால் மூழ்கடித்து இரண்டு பக்கமும் மாறி மாறிச் சூடாக்கினார்கள். பிஸ்மத் கலந்த உலோகக் கலவை ஒன்று கடைக்கு வந்தது. அது பழைய சால்டரோடு கலந்தால் உருகுநிலை வெகுவாக இறங்கி, நீண்ட நேரம் இறுகாமல் இருக்கும். அந்த இடைவெளியில் சிப்பை நகர்த்தி எடுத்துவிடலாம்.

தவறுகளும் உண்டு. சால்டர் முழுதாக உருகும் முன்பே ட்வீசரால் நெம்பினால் பேட் போர்டிலிருந்து பெயர்ந்து வரும். புதிதாகக் கற்பவர்கள் அழிக்கும் போர்டுகளில் அதிகமானவை இந்த அவசரத்துக்குப் பலியானவைதான். காற்று வேகமாக இருந்தால் பக்கத்து ரெசிஸ்டர்கள் பறந்துவிடும். ஈரம் உறிஞ்சிய சிப்பை மளமளவெனச் சூடாக்கினால் உள்ளே நீராவி கிளம்பி உறை வெடிக்கும். தொழிலில் இதற்கு 'பாப்கார்ன்' என்றே பெயர். எழும்பும் பிசின் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. சாதாரணச் சால்டரிங் சூட்டில் ஈயம் ஆவியாகப் பறப்பதில்லை, கையில் ஒட்டிய ஈயம் சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போவதுதான் ஆபத்து. ஆகவே ஜன்னலைத் திறந்துவைப்பதும் கையைக் கழுவுவதும் இந்த வித்தையின் பாடங்களே.

மாணவர்கள் திறந்த கதவு

2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ஹுவாங், நண்பர்களுக்கு 'பன்னி', அதைத் திறந்தார். முதலில் ஃபிளாஷ் நினைவகச் சிப்பைக் கழற்றி அதிலிருந்ததைப் படித்தார். அங்கே இருந்த தொடக்க நிரல் வெறும் ஏமாற்று! உண்மையான நிரல் வேறொரு சிப்பின் வயிற்றுக்குள் மறைந்திருந்தது. பிறகு அவரே ஒரு சிறு போர்டு செய்து, சிப்களுக்கு இடையே ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டு, ரகசியச் சாவியைக் கண்டுபிடித்தார். 2002-ல் அதை ஆய்வறிக்கையாக வெளியிட்டார்.

அடுத்து அவர் எழுதிய 'ஹாக்கிங் தி எக்ஸ்பாக்ஸ்' என்ற புத்தகம், சால்டரிங் அயர்னைத் தொடாதவருக்கும் புரியும்படி அடிப்படையிலிருந்து தொடங்குகிறது. சர்ஃபேஸ் மவுண்ட் வேலைக்கான பாடமும் அதில் உண்டு. அமெரிக்காவின் டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்துக்கு அஞ்சி முதல் பதிப்பகம் பின்வாங்கியது. 2003-ல் அவரே சொந்தமாக வெளியிட்டார், பிறகு இன்னொரு பதிப்பகம் ஏற்றது. 2013-ல் ஆரன் ஸ்வார்ட்ஸின் நினைவாக அந்தப் புத்தகம் இலவசமாகவே கொடுக்கப்பட்டது. ஒரு சிப்பைக் கழற்றக் கற்றுக்கொடுப்பது சட்டப் பிரச்சினை ஆகலாம் என்பதை உலகம் முதலில் அறிந்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

அதே 2003-ல் கொலராடோவில் நேதன் சீடில் என்ற பொறியியல் மாணவர் ஸ்பார்க்ஃபன் என்ற கடையைத் தொடங்கினார். தொழிற்சாலை அடுப்புக்குப் பதில் ரொட்டி சுடும் சிறு அடுப்பிலும், மின்சார வாணலியிலும் போர்டை வைத்துச் சால்டர் உருக்கலாம் என்று அவர்கள் படங்களோடு எழுதினார்கள். லட்ச ரூபாய் இயந்திரத்தின் வேலையைச் சமையலறைப் பொருள் செய்தது! 2009-ல் ஆஸ்திரேலியப் பொறியாளர் டேவ் ஜோன்ஸ் தொடங்கிய காணொளித் தொடரும் சால்டரிங்கைக் கற்றுக்கொடுத்தது. ஒருகாலத்தில் கப்பலுக்குள் மட்டும் நடந்த பாடம் இணையத்தில் யாருக்கும் கிடைத்தது.

உருண்டைகளும் ஈயமில்லாச் சால்டரும்

கைகள் கால்களை வென்றபோது, சிப்பில் கால்களே இல்லாமல் போயின. 1990-களில் பரவிய பி.ஜி.ஏ. வகைச் சிப்பில், அடிப்பகுதி முழுக்கச் சால்டர் உருண்டைகள் கட்டம் கட்டமாக இருக்கும். போர்டுக்கும் சிப்புக்கும் நடுவே அவை நசுங்கி மறைந்துவிடும். இணைப்பு சரியா தவறா என்று பார்க்க எக்ஸ்ரே வேண்டும். கழற்றியபின் மீண்டும் பொருத்த வேண்டுமானால், பழைய சால்டரைத் துடைத்துவிட்டு, துளையிட்ட ஸ்டென்சில் தகடு வழியாகப் புதிய உருண்டைகளை உருவாக்க வேண்டும். இதற்குப் பெயர் ரீபாலிங்.

அதே சமயத்தில் சால்டரும் மாறியது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடை செய்தது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்குப் பதில் வந்த, வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். 34 டிகிரி வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் சால்டர் உருகும் சூட்டுக்கும் சிப் கெடும் சூட்டுக்கும் நடுவே இருந்த பாதுகாப்பு இடைவெளியில் அந்த 34 டிகிரி பறிபோனது. போர்டை அடியிலிருந்து முன்கூட்டியே சூடாக்கும் ப்ரீஹீட்டர் அவசியமானது இதனால்தான்.

சிவப்பு விளக்குகள் சொன்ன பாடம்

2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது. சில மாதங்களில் கருவிகள் வரிசையாகச் செத்தன. முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரியும், அவ்வளவுதான். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டித்து, அதற்காக 105 கோடி முதல் 115 கோடி டாலர் வரை ஒதுக்கியது.

உலகெங்கும் பழுதுநீக்குபவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிராபிக்ஸ் சிப்பின் அடியில் உள்ள உருண்டைகள் விரிசல் விட்டிருக்கின்றன, சூடாக்கினால் சரியாகிவிடும் என்பது அந்த முடிவு. சிலர் கருவியைத் துண்டால் சுற்றி அதன் சொந்தச் சூட்டிலேயே வேகவைத்தார்கள். சிலர் வெப்பக் காற்று அடித்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு ரீபாலிங் செய்தார்கள். கருவி உயிர் பெற்றது. வாடிக்கையாளர் மகிழ்ந்தார். சில நாளிலோ சில வாரத்திலோ மறுபடியும் மூன்று சிவப்பு விளக்குகள்.

காரணம் 2021-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆவணப்படத்தில்தான் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. உடைந்தது சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே இருந்த உருண்டை அல்ல. சிப் உறைக்குள்ளேயே, சிலிக்கான் துண்டையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் நுண்ணிய சால்டர் புள்ளிகள் உடைந்தன. கருவியை ஒவ்வொரு முறை இயக்கி அணைக்கும்போதும் சூடேறி ஆறியதால் வந்த விரிசல் அது. வெளியிலிருந்து சூடாக்கினால் விரிசல்கள் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், குணமாகாது. எத்தனை அழகாக ரீபாலிங் செய்தாலும் நோய் உறைக்குள்ளேயே இருந்தது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமும் மடிக்கணினிச் சிப்கள் சிலவற்றின் உறைப் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அங்கும் சூடாக்கிச் சரிசெய்ததாக நம்பியவர்கள் ஏராளம்.

இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் இதுதான். அந்தப் பழுதுநீக்குபவர்களின் கைகளில் குறையில்லை. சிப்பைச் சுத்தமாகக் கழற்றினார்கள், சுத்தமாகப் பொருத்தினார்கள். நோய் எங்கே என்பதைத்தான் தவறாகக் கணித்தார்கள்.

இதற்கு நேரெதிரான கதை ஐபோன் 6 ப்ளஸ். 2016-ல் பல போன்களின் திரை மேல் சாம்பல் பட்டை தோன்றி, தொட்டால் வேலை செய்யாமல் போனது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸா ஜோன்ஸ் போன்ற போர்டு நிபுணர்கள் காரணத்தைக் கண்டார்கள். இந்தப் பெண்மணி மரபியலில் முனைவர் பட்டம் பெற்றவர். குழந்தைகள் அவருடைய போனைக் கழிப்பறையில் போட்டுவிட, அதைப் பிழைக்கவைக்கப் போய் இந்தத் தொழிலுக்கே வந்துவிட்டவர், பிறகு மற்றவர்களுக்கும் வகுப்பெடுத்தவர். போன் வளைவதால் தொடுதிரைச் சிப்பின் அடியிலுள்ள உருண்டைகள் விரிசல் விடுகின்றன என்பது அவர்கள் கணிப்பு. இங்கே உடைந்தது வெளியே உள்ள இணைப்பு. ஆகவே சிப்பைக் கழற்றிப் புதிதாகப் பொருத்துவதுதான் சரியான மருந்து! பலமுறை கீழே போட்டதால் வந்த கோளாறு என்றது ஆப்பிள். 2018-ல் நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளிவந்த தகவல்படி, முந்தைய ஐபோன் 5எஸ்-ஐ விட 6 ப்ளஸ் வளையும் வாய்ப்பு 7.2 மடங்கு அதிகம் என்பது ஆப்பிளின் சொந்தச் சோதனையிலேயே தெரிந்திருந்தது.

ஒரே கருவி, ஒரே ஃப்ளக்ஸ், ஒரே கைப்பழக்கம். ஒரு இடத்தில் அது ஏமாற்று வைத்தியம், இன்னொரு இடத்தில் உண்மையான வைத்தியம்.

தெருவுக்கு வந்த வித்தை

சீனாவின் ஷென்சென் நகரில் உள்ள ஹுவாச்சியாங்பெய் சந்தை இந்த வித்தையை உலகத் தெருக்களுக்குக் கொண்டுவந்தது. ஜப்பானின் ஹாக்கோ 936 சால்டரிங் நிலையத்தைப் பார்த்துச் செய்த மலிவுப் பிரதிகள், வெப்பக் காற்றுக் கருவிகள், ஒவ்வொரு சிப்புக்கும் ஸ்டென்சில், போர்டு வரைபடங்கள் எல்லாம் அங்கிருந்து கிளம்பின. டெல்லி கரோல் பாக், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆசான் ஒரு சீனியர், பாடப்புத்தகம் ஒரு செத்த போர்டு. கைவேலை பார்த்துப் பார்த்தே வந்தது.

தெருவோரத்தில் பழகிய இதே வித்தை நாட்டின் உளவுத்துறைக்குக்கூடப் பாடம் சொன்னது. 2015-ல் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோவில் நடந்த தாக்குதலில் 14 பேர் கொல்லப்பட்டனர். தாக்கியவரிடம் இருந்த ஐபோன் 5சி-யைத் திறக்க முடியாமல் எஃப்.பி.ஐ. ஆப்பிளோடு வழக்காடியது. நினைவகச் சிப்பைக் கழற்றிப் பிரதி எடுக்கும் வழி பலிக்காது என்று அதன் இயக்குநர் ஜேம்ஸ் கோமி 2016 மார்ச்சில் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்கெய் ஸ்கோரோபோகடோவ், பசையால் ஒட்டியிருந்த சிப்பைக் கழற்றி, பிரதி எடுத்து, அது பலிக்கும் என்று செய்தே காட்டினார். செலவு நூறு டாலருக்குள். பெரிய அமைப்பு முடியாது என்றதை, அயர்னும் பொறுமையும் இருந்த ஒருவர் முடித்தார்.

இனி சிப்பின் சம்மதமும் வேண்டும்

இன்று புதிய தடை வெப்பத்தில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. சில போன்களில் ஒவ்வொரு உதிரியும் அந்தப் போர்டோடு ரகசிய எண்ணால் பிணைக்கப்பட்டிருக்கிறது. வேறொரு போனிலிருந்து கழற்றிய அசல் உதிரியையே குறையில்லாமல் பொருத்தினாலும், "இது என் உதிரி அல்ல" என்று கருவி மறுக்கலாம். கையின் திறமை அங்கே எடுபடாது. அதனால் போராட்டம் சட்டமன்றங்களுக்குப் போனது. நியூயார்க் 2022-லும், மினசோட்டாவும் கலிபோர்னியாவும் 2023-லும் பழுதுநீக்கும் உரிமைச் சட்டங்களை இயற்றின. 2024-ல் ஓரிகன் மாநிலம் இந்தப் பிணைப்பு முறைக்கே கட்டுப்பாடு விதித்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமும் பழுதுநீக்கலுக்கான நெறிமுறை ஒன்றை நிறைவேற்றியது. இந்தியாவில் 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கெனக் குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது.

துளை போனபோதும், கால் சுருங்கியபோதும், உருண்டை வந்தபோதும், ஈயம் போனபோதும் "இனி முடியாது" என்றார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் செத்த போர்டை எடுத்து வைத்துப் பழகி, முடியும் என்று காட்டினார். எக்ஸ்பாக்ஸ் கதை அதோடு இன்னொன்றையும் சேர்த்துவிட்டது. சிப்பைக் கழற்றுவது சில வாரப் பயிற்சியில் வந்துவிடும். எந்தச் சிப்பைக் கழற்ற வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதற்குப் படிப்பு வேண்டும். கற்க நினைக்கும் மாணவர்கள் ஒரு பழைய மோடம் போர்டையும், நல்ல ஃப்ளக்ஸையும் எடுத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து ஆரம்பிக்கலாம். முதல் நாள் ஒன்றிரண்டு பேட் பெயரத்தான் செய்யும்.